அல்பேனியாவிலிருந்து சூளகிரிக்கு வந்த சுவர்

பேரண்டப்பள்ளியைத் தாண்டும்போது இடது செருப்பின் வார் அறுந்தது. இரண்டையும் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு நடந்தேன். ஐப்பசி மழையில் நனைந்த ரோடு, கால் சுடவில்லை. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகிற அந்தப் பெரிய ரோட்டில் அன்று நடந்து போனவன் நான் ஒருவன்தான். மற்றதெல்லாம் லாரி. சூளகிரிக்கு இந்தப் பக்கம் ஒரு அக்கா வீடு இருக்கிறது. கட்டட வேலை நடக்கும் இடங்களுக்குச் சாப்பாடு செய்து கொண்டுபோய்க் கொடுப்பவர். அவருக்கு இருந்தது ஒரே ஓர் இடம். அந்த இடத்தை நான் வாயாலேயே கெடுத்திருந்தேன். மறுநாள் காலைச் சாப்பாட்டோடு அவர் பிழைப்பு முடிவதாக இருந்தது. அதற்குள் ஏதாவது செய்ய முடியுமா என்று பார்க்கத்தான் நடந்துகொண்டிருந்தேன்.

வேலையை விட்டுவிட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டதிலிருந்து ஆரம்பித்தது. கல் குவாரியில் இருந்தேன், மாங்கூழ் பேக்டரியில் இருந்தேன், பாகலூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டத்துக் கூடாரத்தில் முள் குத்தக் குத்தப் பூ அறுத்தேன். கொஞ்ச நாள் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் வேனுக்கு ஆள் கூப்பிட்டேன். “அத்திப்பள்ளி, அத்திப்பள்ளி” என்று தமிழுக்கும் கன்னடத்துக்கும் தெலுங்குக்கும் பொதுவாகக் கத்தவேண்டும். அங்கேதான் சேனல்காரர் என்னைக் கண்டுபிடித்தார். வேனில் ஏறப் போனவர் இறங்கி வந்து என் முகத்தையே பார்த்தார்.

“தம்பி, உன் கொரல்ல ஒரு சாவு இருக்குப்பா” என்றார்.

என்னைப் பற்றி யாரும் அதற்கு முன்னால் அவ்வளவு நல்லதாகச் சொன்னதில்லை. அவரோடு போய்விட்டேன்.

அவர் நடத்தியது இணையத்தில் ஒரு பேய்ச் சேனல். வெளிநாட்டுப் பேய்ப்படங்களைச் சுருக்கி, தமிழில் கதை சொல்லிப் போடுவார்கள். அலுவலகம் மூன்றாம் மாடியில் ஓர் அறை. அறைக்குள் பழைய மெத்தைகளை நிறுத்திவைத்து, முட்டை அட்டை ஒட்டி, ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு பெட்டி செய்திருந்தார். நான் அதற்குள் நின்று பேசவேண்டும். கீழ்த்தளத்தில் லேத் பட்டறை. லேத் ஓடினால் பதிவு செய்ய முடியாது. கரண்ட் போனால் லேத் நிற்கும், ஆனால் எங்கள் மைக்கும் நிற்கும். ஆகவே பட்டறைக்காரர்கள் மதியம் சாப்பிடப் போகும் முக்கால் மணி நேரத்தில்தான் எங்கள் பேய்கள் எல்லாம் பேசின.

ஜப்பான், கொரியா, தாய்லாந்துப் பேய்களை மற்ற சேனல்காரர்கள் எல்லோரும் எடுத்துவிட்டார்கள். எங்களுக்கு மிஞ்சியது அல்பேனியா. சேனல்காரரின் சிநேகிதர் ஒருவர் இத்தாலியில் ஓட்டலில் பாத்திரம் கழுவினார். அவரோடு அறையில் தங்கியிருந்தவன் அல்பேனியாக்காரன். அவன் மூலமாகப் பதினோரு படங்கள் வந்தன. அல்பேனியா எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. சேனல்காரருக்கும் தெரியாது. “இத்தாலிக்கு எதிர்த்தாப்ல கடல் தாண்டி. நம்ம ராமேஸ்வரமும் இலங்கையும் மாதிரி வச்சுக்கயேன்” என்றார். பின்னால் வரைபடத்தில் பார்த்தேன். அது ஏறக்குறைய சரி.

அந்தப் படங்கள் வேறு மாதிரி. பாட்டு இல்லை, நாயகன் இல்லை. நிஜமாக நடந்ததை யாரோ படம் பிடித்த மாதிரியே இருக்கும். கேமரா ஆடும். ஓரத்தில் தேதி ஓடும். கல்லூரிப் பையன்கள் மூன்று பேர் மலைக்கிராமத்துக்குப் போவார்கள், அங்கே பெரியவர்களை நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள். பெரியவர்கள் ‘எதுவும் இல்லை’ என்பார்கள். பிறகு பையன்களைக் காணாது, கேமரா மட்டும் கிடைக்கும். ஒரு படத்தில், முன்பு அந்த நாட்டை ஆண்டவன் எதிரி வருவான் எதிரி வருவான் என்று பயந்து, காளான் மாதிரிச் சிமெண்டுக் குழிகளை நாடு முழுக்கக் கட்டிவைத்திருந்தான். எதிரி வரவேயில்லை. குழிகள் இருக்கின்றன. அதில் ஒன்றுக்குள் கேமரா போகிறது, அவ்வளவுதான். இன்னொன்றில் ஒரு வீடு. பழைய பகை. இந்தக் குடும்பத்து ஆண் எவன் வெளியே வந்தாலும் அந்தக் குடும்பத்தான் சுடலாம், வீட்டுக்குள் இருந்தால் தொடக்கூடாது. அதனால் ஆண்கள் எல்லாம் வருஷக்கணக்காக உள்ளேயே கிடக்கிறார்கள், வெளிவேலை முழுக்கப் பெண்கள் பார்க்கிறார்கள். இதில் பேய் எங்கே என்று எனக்குப் புரியவில்லை. பெண்கள் வேலை செய்ய ஆண்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் எனக்கு நிறையத் தெரியும், அங்கெல்லாம் துப்பாக்கிகூடக் கிடையாது.

சேனல்காரருக்கும் அதுதான் குறை. “பேய் எப்பப்பா வரும்?” என்பார்.

“வராதுங்க. பாத்தவங்க மட்டும்தான் வருவாங்க.”

“பாத்தவங்கள வச்சு நான் என்னா பண்றது?”

எனக்கு அந்தப் படங்கள் பிடித்துப்போயின. ஒன்றில், வாக்குக் கொடுத்துவிட்டுச் செத்துப்போன அண்ணன், தூரதேசத்தில் கட்டிக்கொடுத்த தங்கையை அம்மாவிடம் கூட்டிக்கொண்டு வருவதற்காகப் புதைகுழியிலிருந்து எழுந்து போகிறான். அவள் வழியெல்லாம் ‘உன் தலையில் ஏன் இவ்வளவு மண்’ என்று கேட்கிறாள். தூசி என்கிறான். அவர்கள் நாட்டில் வாக்கு என்றால் அப்படி. எனக்கு வாக்குக் கொடுத்த மேஸ்திரிகள் உயிரோடு இருக்கும்போதே வரமாட்டார்கள்.

நாலாவதாகச் செய்தது சுவர்ப் படம். அண்ணன் தம்பி மூன்று பேர் கோட்டை கட்டுகிறார்கள். பகலில் கட்டும் சுவர் விடிவதற்குள் இடிந்துவிடுகிறது. நாளைக்குச் சாப்பாடு கொண்டுவரும் பெண்ணைச் சுவருக்குள் வைத்துக் கட்டினால் நிற்கும் என்று ஒரு கிழவர் சொல்கிறார். மனைவிகளிடம் சொல்வதில்லை என்று மூவரும் சத்தியம் செய்கிறார்கள். மூத்தவர்கள் இரண்டு பேரும் வீட்டுக்குப் போய் ஜாடையாகச் சொல்லிவிடுகிறார்கள். சத்தியத்தைக் காப்பாற்றிய இளையவனின் மனைவி, கைக்குழந்தைக்காரி, சாப்பாட்டுக் கூடையோடு வருகிறாள். இது பழைய கதை. படத்தில் அந்தக் கோட்டையைச் சுற்றிக் கேமராவோடு இன்றைய பையன்கள் அலைகிறார்கள். பெட்டிக்கடைக்காரர், டீச்சர், டாக்சிக்காரர் என்று ஒவ்வொருவரும் இந்தக் கதையைக் கொஞ்சம் கொஞ்சம் சொல்கிறார்கள். அந்த மலைப்பக்கத்து மேஸ்திரி ஒருவர், இப்போதெல்லாம் ஆளை வைப்பதில்லை, ஆளின் நிழலை நூலால் அளந்து அந்த நூலை அஸ்திவாரத்தில் போட்டாலே போதும், நாற்பது நாளில் அந்த ஆள் வாடிப்போவான் என்கிறார்.

கதையில் இன்னும் ஒரு பகுதி உண்டு. அந்தப் பெண் மறுக்கவில்லை. ஒன்றுதான் கேட்கிறாள். சுவரில் எனக்கு ஓட்டை விடுங்கள், என் பிள்ளைக்குப் பால் கொடுக்க, தடவிக்கொடுக்க, தொட்டில் ஆட்ட. ஓட்டை விட்டார்கள், சுவர் நின்றது. இன்றும் அந்தக் கல்லில் வெள்ளையாகத் தண்ணீர் வடிகிறதாம். நான் அதைப் பதிவு செய்தேன். சேனல்காரர் வெட்டிவிட்டார்.

“பால் குடுக்கறதெல்லாம் வேணாம்ப்பா. குடும்பத்தோட பாக்கறாங்க.”

உயிரோடு ஒரு பெண்ணைச் சுவரில் வைத்துப் பூசுவதைக் குடும்பத்தோடு பார்க்கலாம்.

வெட்டிய இடத்தை நிரப்ப வேண்டியிருந்தது. “நம்ம ஊர் மாதிரி ஏதாச்சும் சேருப்பா, அல்பேனியா அல்பேனியான்னா எவன் பயப்படுவான்?” என்றார். என் போனில் ஒரு படத்துண்டு இருந்தது. சூளகிரிப் பக்கம் புதிதாக எழும்பும் ஒரு பேக்டரியின் காம்பவுண்டுச் சுவர். நான் அங்கே இரண்டு வாரம் கலவை சுமந்தேன். ஏரி மண்ணில் கட்டிய சுவர், மழைத்தண்ணீர் வடிய ஒரு ஓட்டை கிடையாது. முதல் மழைக்கே குப்புற விழுந்தது. மறுபடி கட்டினார்கள், மறுபடி விழுந்தது. விழுந்ததைச் சும்மா எடுத்து வைத்திருந்தேன். அதைக் காட்டி, என் சாவுக் குரலில், “இதே கதை நம் ஊரிலும் நடக்கிறதா? இங்கேயும் சுவர் நிற்கவில்லை. இங்கேயும் தினமும் ஒரு பெண் சாப்பாடு கொண்டுவருகிறாள்” என்று சேர்த்தேன்.

அப்படிச் சொல்லும்போது அக்காவின் முகம் என் நினைவில் வரவே இல்லை. இரண்டு வாரம் அவர் கையால் களி தின்றவன் நான். வாக்கியம் நன்றாக வந்ததே என்றுதான் தோன்றியது.

பத்து நாள் கழித்து அக்கா மூன்று மாடி ஏறி வந்தார். ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் சிலுவை, கையில் குடை. நல்லவேளை லேத் நின்றிருந்தது. சேனல்காரரைப் பார்க்காமல் நேராக மெத்தைப் பெட்டியைப் பார்த்தார்.

“வெளிய வாடா. இன்னொரு உருண்டை இன்னொரு உருண்டைன்னு கேட்ட கொரலு எனக்குத் தெரியாதா?”

வந்தேன்.

நடந்ததைச் சொன்னார். வேலை நடக்கும் இடத்தில் எல்லோர் போனிலும் அந்தப் படம் ஓடிவிட்டது. முதலில் சித்தாள் பெண்கள் ஒவ்வொருவராக வேலைக்கு வராமல் நின்றார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்திக்குச் சொந்தத்தில் காதுகுத்து. மேஸ்திரிமார் அவரவர் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை.

“எனக்குச் சொல்ல அங்க எனக்கு யாரு இருக்கா? நான் பாட்டுக்குக் காலையில களிச்சட்டியத் தூக்கினு போறேன். பெரிய மேஸ்திரி அஸ்திவாரத்துல நூல் புடிச்சினு இருக்காரு. வெயில் நல்லா அடிக்குது. என் நெழலு நேரா அந்த நூலு மேல உழுந்துச்சு. ஒருத்தன் கத்தினான் பாரு! மேஸ்திரி நூலப் போட்டுட்டு ஓடறாரு. நாலு பேரு என்னைப் புடிச்சு இழுக்கறாங்க, நாலு பேரு வுடு வுடு அப்படியே இருக்கட்டும்ங்கறாங்க.”

“இருக்கட்டும்னா?” என்றேன்.

“சுவரு நிக்கும்ல!”

அதற்கு அடுத்த நாள் மழையில் நனைந்து அவருக்குக் காய்ச்சல் வந்தது. அதோடு ஊர்ஜிதம். வாட ஆரம்பித்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். வாடுகிறவள் கையால் யார் தின்பார்கள்? நாற்பது பேர் சாப்பிட்ட இடத்தில் இருபத்தைந்தானது.

“சூப்பர்வைசர் என்னா சொல்றார்க்கா?”

“அவன்தான்டா எல்லாருக்கும் அனுப்பினதே! கம்பெனி இஞ்சினியருக்கும் அனுப்பி, எடத்துல தோஷம் இருக்கு சார்னு சொல்லிட்டான். சுவரு ஏன் வுழுந்துச்சுன்னு இப்ப எவனும் கேக்கல.”

பேய் வந்ததில் அங்கே எல்லோருக்கும் நிம்மதி, அக்காவைத் தவிர.

சேனல்காரர் எங்கள் பக்கம் திரும்பினார். அவர் கண் கலங்கியிருந்ததாக நினைத்தேன். “அம்மா, இதையே அப்படியே கேமரா முன்னாடி சொல்லுவீங்களா? நாற்காலி போடறேன். முகத்தை மறைச்சுடலாம்” என்றார்.

“மூஞ்ச மறைச்சா சாப்பாடு நான் செஞ்சதுன்னு எவனுக்குத் தெரியும்?” என்றார் அக்கா. “பொய்யின்னு சொல்லு. இந்தப் பையன் கொரல்லயே சொல்லச் சொல்லு. அது போதும்.”

சொன்னேன். அன்றே பதிவு செய்தோம். “அந்தச் சுவரில் எதுவும் இல்லை. யாரும் பயப்பட வேண்டாம்.” எனக்கு இருப்பது ஒரே குரல். அந்த மாதிரிப் படங்களில் ‘எதுவும் இல்லை’ என்று ஒருவர் வந்து சொன்ன பிறகுதான் எல்லாம் ஆரம்பிக்கும் என்பதை, பதினோரு படம் பார்த்த நான் மறந்துவிட்டேன். பார்த்தவர்கள் மறக்கவில்லை. அண்ணனை மிரட்டிவிட்டார்கள் போல என்று எழுதினார்கள். குரல் நடுங்குது பாருங்க என்று எழுதினார்கள். முதல் படத்தைவிட அதைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள். சேனல்காரர் எனக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வாரம் அக்கா போன் செய்தார். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

“திங்கக்கெழமையில இருந்து அத்திப்பள்ளி மெஸ்ஸுக்காரன் வரானாம்ப்பா. நாளைக்குக் காலைச் சாப்பாடுதான் கடைசி. அதையும் ஆம்பள ஆளு யார்னா கொண்டாந்தா எறக்கறோம்ன்றாங்க. நான் யாரை அனுப்புவேன்?”

சேனல்காரரிடம் வேலையை விடுவதாகச் சொன்னேன். “இன்னும் ஏழு படம் இருக்கே” என்றார். பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கீழே லேத் ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ சொன்னார், கேட்கவில்லை.

சூளகிரிக்கு முன்னால் கடைசி ஐந்தாறு மைல் ஒரு தக்காளி வண்டியில் ஏறிக்கொண்டேன். அக்கா வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“என்னா, மூணாம் பாகமா?”

“நாளைக்குச் சாப்பாடு நான் கொண்டுபோறேன்க்கா.”

என் வெறுங்காலைப் பார்த்தார். “வாயால கெடுத்துட்டு இப்பக் கையால தூக்க வந்துட்ட. சரி, தேங்கா துருவத் தெரியுமா?”

விடியுமுன் அடுப்புப் பற்றவைத்தோம். ராகிக் களி, கீரைக் குழம்பு, தேங்காய்த் துவையல். உருண்டையை அவர்தான் பிடித்தார். என் கைக்கு அந்தச் சூடு தாங்கவில்லை. எட்டு மணிக்கு அவருடைய மொபெட்டில் சட்டிகளைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். “பேசாத. எறக்கு, போடு, வந்துடு” என்றார்.

அங்கே முன்பு மாதிரியே நூல் கட்டியிருந்தார்கள். ராத்திரி மழை பெய்து, காலையில் பளிச்சென்று வெயில். சட்டியோடு நான் இறங்கியபோது என் நிழல் ஒரு பனைமரம் போல நீண்டு போய் அஸ்திவாரக் குழிக்குள் விழுந்தது. எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். பெரிய மேஸ்திரி வேப்பனப்பள்ளிக்காரர், தெலுங்கு வீட்டுக்காரர். நூலைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

“ஏய், நீ கலவை சொமந்த பையன்தானே? தள்ளி நில்லு. நெழலு வுழுது.”

பேசாதே என்று அக்கா சொல்லியிருந்தார். பேசினேன்.

“வுழுட்டும்ண்ணா. வேணும்னா அளந்துக்கங்க. எனக்குப் பின்னாடி யாரும் கெடையாது.”

ஒருவரும் சிரிக்கவில்லை. என் குரலைக் கேட்டதும் பின்னால் யாரோ, “அவன்தான்டா, சுவத்துக்காரன்!” என்றான்.

“நான்தான். அந்தக் கதைய நான்தான் சொன்னேன். ஆனா முழுசா போடல. கடைசிப் பகுதிய வெட்டிட்டாங்க” என்றேன்.

மேஸ்திரி கிட்டே வந்தார். “வெட்டிட்டாங்களா? என்னா வெட்டினாங்க?”

ஓட்டை கேட்ட கதையைச் சொன்னேன். அந்தப் பெண்ணை உள்ளே வைத்ததால் அல்ல, அவள் கேட்ட ஓட்டையை விட்டதால்தான் சுவர் நின்றது, இன்றைக்கும் அதன் வழியாகத் தண்ணீர் வடிகிறது என்றேன். இதில் முதல் பாதி நான் சேர்த்தது. அல்பேனியாக்காரர்கள் மன்னிக்கவேண்டும். ஓட்டை விடாத சுவரில் அவள் மூச்சு முட்டித் தள்ளுவாள், எத்தனை பேர் நிழலைப் போட்டாலும் நிற்காது என்றும் சொன்னேன். குரல் தானாகவே கீழே இறங்கிவிட்டது. ஒருவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

மேஸ்திரி விழுந்துகிடந்த சுவரைப் பார்த்தார். முப்பது வருஷம் சுவர் கட்டியவர். பின்பக்கம் தண்ணீர் தேங்கினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. முதல் நாளே தண்ணீர் வடியப் பைப் வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, பிளானில் இல்லை என்று சூப்பர்வைசர் அவர் வாயை அடைத்திருந்தார்.

“எத்தனை அடிக்கு ஒரு ஓட்டை?” என்றார் மெதுவாக.

“ஆறடிக்கு ஒண்ணு. தரையில இருந்து ஒரு சாண் மேல.”

“கதையில அப்படித்தான் இருக்குதா?”

“அப்படியே இருக்குதுண்ணா.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். மீசைக்குள் சிரித்த மாதிரி இருந்தது. பிறகு சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்த தகரக் கொட்டகைப் பக்கம் திரும்பி, ஊருக்கே கேட்கும்படி, “சார்! அந்தப் பொம்பள ஓட்டை கேக்குதாம் சார்! பைப் இல்லாம நாங்க கல்லத் தொட மாட்டோம்!” என்று கத்தினார்.

சூப்பர்வைசர் வெளியே வந்தார். தோஷம் இருக்கிறது என்று கம்பெனிக்கு அனுப்பியவரே அவர்தான். இப்போது இல்லை என்று எப்படிச் சொல்வது? போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பைப்புக்குத்தான் சொல்லப் போகிறார் என்று மேஸ்திரி சொன்னார்.

“அப்ப அக்கா சாப்பாடு?” என்றேன்.

“அதுக்கென்னா, ஓட்டை வுட்டப்புறம் அவங்க நெழலு எங்க வுழுந்தா என்னா? மெஸ்ஸுக்காரன வேணாம்னு நான் சொல்லிக்கறேன். ஆனா சுவரு ஆளுயரம் வர்ற வரைக்கும் நீயே கொண்டா. பசங்க பயப்படறானுங்க.”

சட்டி மூடியைத் திறந்தேன். களியின் ஆவி முகத்தில் அடித்தது. முதலில் நாலு பேர்தான் வந்தார்கள், பிறகு கையைக் கழுவிக்கொண்டு எல்லோரும் வந்தார்கள். சித்தாள் பெண்கள் இன்னும் வரவில்லை. வரிசையில் முன்னால் நின்றவன் தட்டை நீட்டிக்கொண்டு, “அண்ணா, அந்தக் கொரல்ல ஒருவாட்டி சொல்லுங்கண்ணா” என்றான்.

“ஒரு உருண்டையா, ரெண்டா?” என்று அந்தக் குரலிலேயே கேட்டேன்.